நிலமும் பொழுதும்: இனுயிட் மக்களின் விடியோக் கலை

தலைநகரில் வாழ வந்த தமிழர், இந்தி பயிலத் தொடங்கிய நாட்களில், ஒரு சிறு சொல்லினிடத்துத் தடுமாறாமல் இருந்திருக்க முடியாது. 'கல்' என்பது அச்சொல். நேற்று என்பதற்கும் அதுவே. நாளை என்பதற்கும் அதுவே. வாக்கியத்தின் இறுதியில் வினைமுற்று வந்து சேரும் வரையில், கடந்த நாளைப் பற்றிய பேச்சா, வருகின்ற நாளைப் பற்றிய பேச்சா என்பது விளங்காது. இன்றைக்கு ஒரு நாள் அப்பால் என்பதே அதன் பொருள். எந்தப் பக்கத்து அப்பால் என்பதைச் சொல் தானே கூறுவதில்லை. அரசாங்க ஆணைகளையும் அறிவிப்புகளையும் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, காலத்தை எல்லா மொழிகளும் ஒரே கோலால் அளப்பதில்லை என்ற பாடத்தை முதன்முதலில் கற்பித்தது இச்சொல்லே எனலாம்.

அப்பாடத்தை மேலும் விரிவாகக் கற்பிப்பவர்கள் கனடா நாட்டின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்கள். பழைய பாடநூல்கள் 'எஸ்கிமோக்கள்' என்று குறித்தது இவர்களையே. அது பிறர் இட்ட பெயர். இனுயிட் என்பதே அவர்கள் தம்மைத் தாம் அழைத்துக்கொள்ளும் பெயர். அதற்கு 'மனிதர்கள்' என்று பொருள். இவர்களுள் சிலர், ஏறத்தாழ 40 ஆண்டுகளாக விடியோக் காமிராவைக் கையில் ஏந்தி, தம் நிலத்தையும் அந்நிலத்தில் காலம் இயங்கும் முறையையும் படமாக்கி வருகின்றனர். அப்படங்கள் எவ்வாறு தோன்றின, எதைக் கூறுகின்றன, நம்மைப் போன்றோர் அவற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டுவது யாது என்பனவற்றை இங்கே ஆராய்வோம்.

முதலில் இடத்தை அறிதல் வேண்டும். இக்லூலிக் என்பது வட அட்சம் 69 பாகைக்குச் சற்று மேலே, பாஃபின் பெருந்தீவுக்கும் மெல்வில் தீபகற்பத்துக்கும் அருகே அமைந்த ஒரு சிறு தீவு. அங்கே மரம் வளர்வதில்லை. ஆண்டின் பெரும்பகுதி கடல் உறைந்து கிடக்கும். ஆகவே அம்மக்களுக்குக் கடலும் நடந்து செல்லும் நிலமே. நவம்பர் இறுதியில் அடிவானத்தின் கீழ் மறையும் கதிரவன், ஜனவரி நடுப்பகுதியில்தான் மீண்டும் தலைகாட்டுவான். கோடையிலோ இரண்டு மாதங்களுக்கு மேல் அவன் மறைவதே இல்லை. பகலும் இரவும் இவ்வாறு மாதக் கணக்கில் நீளும் ஓரிடத்தில், கடிகாரம் காட்டும் மணிக்கு வேலை குறைவு என்பது சொல்லாமலே விளங்கும்.

கடிகாரத்துக்கு மாறாக அங்கே காலத்தைக் காட்டுவது எது? நிலமும் அதில் வாழும் உயிர்களுமே. இக்லூலிக் வட்டாரத்தின் பழைய மாதப் பெயர்களைப் பார்த்தால் இது தெளிவாகும். கதிரவன் மீளும் மாதம் ஒன்று. அவன் வானில் உயரும் மாதம் ஒன்று. கடல்நாய் குட்டி ஈனும் மாதம், காரிபூ மான் கன்று ஈனும் மாதம், பறவை முட்டையிடும் மாதம், மானின் கொம்பிலிருந்து மென்தோல் உரியும் மாதம் என அவை தொடரும். குளிர்காலம் தொடங்கியபின் வரும் மாதம் ஒன்றுக்கு 'துசாக்தூட்' என்று பெயர். கேட்டல் என்பது அதன் கருத்து. கடல் உறைந்து, பாதை திறந்து, தொலைவில் தங்கியிருந்த உறவினர் நாய் பூட்டிய சறுக்கு வண்டியில் வந்து சேர்வர். பல மாதங்களாகக் கேளாத செய்திகளை அப்போது கேட்கலாம். கேட்பதற்கென்றே ஒரு மாதத்தை ஒதுக்கி வைத்த மக்கள் இவர்கள் என்பது, வானொலி நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

நிலத்தையும் பொழுதையும் ஒருசேர வைத்து 'முதற்பொருள்' என்று பெயரிட்ட தொல்காப்பியத்தைப் பயின்றவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். பொழுது தனியே ஓடுவதன்று. ஒரு நிலத்தின் பொழுதாகவே அது இருக்கிறது.

இக்லூலிக் தீவில் காலத்தைக் கண்ணாலேயே காண்பதற்கும் ஒரு வழி உண்டு. முன்னொரு காலத்தில் அப்பகுதி முழுவதையும் பெரும் பனிப்பாறை மூடியிருந்தது. அதன் எடையால் நிலம் தாழ்ந்தது. பனி உருகியபின், அழுத்தம் நீங்கிய நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து வருகிறது, கடல் பின்வாங்குகிறது. கரையை ஒட்டியே குடியிருந்த மக்கள், கடல் விலக விலகத் தாமும் கீழே இறங்கிக் குடிலமைத்தனர். ஆகவே அண்மைக் காலத்து வாழிடங்கள் கடலுக்கு அருகிலும், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை சுமார் 50 மீட்டர் உயரத்திலும் காணப்படுகின்றன. இதனை 1950களில் டென்மார்க் நாட்டு அகழ்வாய்வாளர் யார்கன் மெல்கார்ட் ஆராய்ந்து காட்டினார். பிற நாடுகளில் பழமையைக் காண மண்ணைத் தோண்டிக் கீழே இறங்க வேண்டும். இங்கோ மேட்டின்மேல் ஏற வேண்டும்.

அவர்தம் மொழியாகிய இனுக்டிட்டுட் காலத்தை நுட்பமாகப் பாகுபடுத்துகிறது. இன்று சற்று முன் நிகழ்ந்ததற்கு ஒரு விகுதி. நேற்றோ அதையொட்டியோ நிகழ்ந்ததற்கு ஒரு விகுதி. நெடுங்காலத்துக்கு முன் நிகழ்ந்ததற்கு வேறொரு விகுதி. எதிர்காலத்திலும் இன்றைக்கே நிகழ இருப்பது வேறு, நாளையோ அதற்குப் பின்னரோ நிகழ இருப்பது வேறு. 'சிலா' என்று ஒரு சொல் உண்டு. வானிலை, வெளி, காற்று என்பன அதன் பொருள்கள். அறிவு என்பதும் அதே சொல்லின் பொருள். ஒரு மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லின் முன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சிந்திக்கத்தான் வேண்டும். 'நூனா' என்றால் நிலம். 'இசுமா' என்றால் எண்ணம் அல்லது சிந்தனை. இம்மூன்று சொற்களையும் நினைவில் இருத்திக்கொண்டால், இனிக் கூறப்போவது எளிதாகும்.

இத்தகைய காலக் கணக்கோடு வாழ்ந்த மக்களிடம் இருபதாம் நூற்றாண்டில் வேறொரு கணக்கு வந்து சேர்ந்தது. இனுயிட் மக்களுக்கு அக்காலத்தில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இருக்கவில்லை. பதிவேடு எழுதும் அலுவலர்களுக்கு இது தொல்லையாயிற்று. ஆகவே 1941ஆம் ஆண்டு முதல், ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு சிறு வில்லையைக் கனடா அரசு வழங்கியது. பின்னர், 1950களிலும் 1960களிலும், பருவத்துக்கு ஏற்ப இடம் மாறி வேட்டையாடி வாழ்ந்த குடும்பங்கள், அரசு அமைத்த நிலையான ஊர்களுக்குக் கொண்டுவரப்பட்டன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்ல வேண்டும், வீடு கிடைக்கும், உதவித்தொகை கிடைக்கும் என்று கூறப்பட்டது. பல்லாயிரம் ஆண்டு வழக்கம் ஒரு தலைமுறைக்குள் அறுந்தது. அதுவரை கடல்நாயின் வரவைப் பார்த்து நாளை வகுத்தவர்கள், பள்ளி மணிக்கும் அலுவலக நேரத்துக்கும் உட்பட்டனர்.

இம்மாற்றத்தைத் தம் உடலிலேயே கண்டவர் சக்காரியாஸ் குனுக். அவர் 1957ஆம் ஆண்டு, கப்புயிவிக் என்னுமிடத்தில், புல்மண் கொண்டு கட்டிய குடிலில் பிறந்தார். ஒன்பதாம் வயதில், 1966ஆம் ஆண்டு, பள்ளிப் படிப்பிற்காக இக்லூலிக்குக்கு வந்து சேர்ந்தார். வளர்ந்தபின் மாக்கல்லில் உருவம் செதுக்கும் தொழிலைக் கற்றார். 1981ஆம் ஆண்டு, தாம் செதுக்கிய உருவங்களை மாண்ட்ரீல் நகரில் விற்று, அப்பணத்தைக் கொண்டு ஒரு விடியோக் காமிரா வாங்கினார். அப்போது இக்லூலிக்கில் தொலைக்காட்சியே இல்லை.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி வடக்கே எட்டியபோது, அதனை ஏற்பதா வேண்டாமா என்று அவ்வூரார் வாக்கெடுத்தனர். 1975ஆம் ஆண்டு வேண்டாம் என்றனர். 1979ஆம் ஆண்டும் வேண்டாம் என்றனர். வருவதெல்லாம் தெற்கத்தியரின் மொழியும் தெற்கத்தியரின் வாழ்க்கையுமாக இருந்தால், பிள்ளைகள் தம் மொழியை மறந்துவிடுவர் என்ற அச்சமே காரணம். இனுயிட் மக்களுக்கென ஓர் ஒளிபரப்பு நிறுவனம் அமைந்து, சொந்த மொழியில் நிகழ்ச்சிகள் கிடைத்தபின், 1983ஆம் ஆண்டுதான் இசைந்தனர். புதிய கருவியை வெறுத்தவர்கள் அல்லர் அவர்கள். அதில் யார் பேசப்போகிறார் என்று கேட்டவர்கள்.

பின்னர் குனுக், பால் அப்பாக் அங்கிலிர்க், பவுலூசி குலிட்டாலிக் என்ற முதியவர், நியூயார்க்கிலிருந்து வந்த விடியோக் கலைஞர் நார்மன் கோன் ஆகிய நால்வரும் சேர்ந்து, 1990ஆம் ஆண்டு ஒரு படநிறுவனத்தை அமைத்தனர். அதற்கு 'இசுமா' என்றே பெயரிட்டனர்.

இவர்கள் சினிமாப் படச்சுருளை விடுத்து விடியோவைத் தேர்ந்தது கருதத்தக்கது. படச்சுருள் விலை மிக்கது. கழுவுவதற்குத் தொலைதூர நகரத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் ஒவ்வொரு காட்சியையும் சுருக்கமாக எடுக்கும் கட்டாயம் நேரும். விடியோ நாடாவோ விலை குறைந்தது. நீண்ட நேரம் ஓடவிடலாம். ஒலியும் உடனே பதியும். எடுத்ததை அன்றைக்கே போட்டுப் பார்க்கலாம். எனவே ஊர் முதியவர்கள் உடனிருந்து, 'நாயை இப்படிப் பூட்டுவதில்லை', 'இந்தச் சொல் அக்காலத்தில் வழங்கவில்லை' என்று திருத்த இயலும். காத்திருப்பதையும் படமாக்க முடியும் என்பதே இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. வேட்டை என்பதன் பெரும்பகுதி காத்திருப்புத்தானே?

இசுமாவின் தொடக்கக் காலப் படங்கள் மூன்றைப் பார்ப்போம். மூன்றும் 1930களின் வாழ்க்கையைக் காட்டுவன. 1989ஆம் ஆண்டின் 'கக்கிக்' என்ற படத்தில், நான்கு குடும்பங்கள் கூடி, வேனிலை வரவேற்க ஒரு பெரிய பனிவீடு கட்டுகின்றன. ஓர் இளைஞனுக்குப் பெண் கேட்கிறார்கள். பெண்ணின் தந்தை மறுக்கிறார், தாய் இசைகிறாள். 1991ஆம் ஆண்டின் 'நூனக்பா'வில், குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்க இரு குடும்பங்கள் மான் தேடி உள்நாட்டுக்கு நடந்து செல்கின்றன. முதிய தம்பதியர் கடற்கரையில் அவர்கள் திரும்பும் நாளை எதிர்நோக்கி இருக்கின்றனர். 1993ஆம் ஆண்டின் 'சப்பூட்டி'யில், கோடை முடியும் வேளையில், ஆறேறி வரும் மீனைப் பிடிக்கக் கற்களால் அணை கட்டி மூன்று குடும்பங்கள் காத்திருக்கின்றன. நினைத்தபடியே எல்லாம் நடந்துவிடுவதில்லை என்பதே அப்படம் உணர்த்துவது.

பரபரப்பான கதைகளுக்குப் பழகிய கண்ணுக்கு, இவற்றில் ஒன்றும் நிகழவில்லை என்று முதலில் தோன்றும். கல் அடுக்குகிறார்கள், தேநீர் காய்ச்சுகிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள், எவரோ ஒருவர் நகைச்சுவையாக ஏதோ கூறச் சிரிக்கிறார்கள். பொறுமையோடு இருப்போமாயின் நம்முள் ஒரு மாற்றம் நிகழ்கிறது. மீன் வருமா என்று அவர்களோடு நாமும் நீரைப் பார்க்கத் தொடங்குகிறோம். கதையின் நேரம் போய், அவ்விடத்தின் நேரம் நம்மைப் பற்றிக்கொள்கிறது.

இம்முறையை விரித்து, 1994, 1995ஆம் ஆண்டுகளில் 'நூனவுட்' என்ற 13 பகுதிகள் கொண்ட தொடரை எடுத்தனர். 'எமது நிலம்' என்பது அப்பெயரின் பொருள். 1945ஆம் ஆண்டில் ஐந்து குடும்பங்கள் பருவந்தோறும் செய்யும் தொழில்களை அது காட்டுகிறது. நாய்வண்டி, கல்வீடு, வால்ரஸ் வேட்டை, மான் வேட்டை என ஒவ்வொரு பகுதியும் ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளும். 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், கனடாவில் அதே பெயரோடு இனுயிட் மக்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஓர் ஆட்சிப்பகுதி தோன்றியது. அத்தொடர் 2002ஆம் ஆண்டு ஜெர்மனியின் காசல் நகரத்து 'டாக்குமென்டா' கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, உலகக் கலைஞர்களின் கருத்தைக் கவர்ந்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 1990களில் வாழ்ந்தவர்கள் 1930களின் உடையை அணிந்து நடிப்பது, மறைந்த வாழ்க்கையைக் காட்சிப் பொருளாக்குவது ஆகாதா? 1922ஆம் ஆண்டு ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி எடுத்த 'நானூக்' என்ற புகழ்பெற்ற படத்தில், துப்பாக்கியை அறிந்திருந்த மனிதரைப் பழைய ஈட்டியோடு வேட்டையாடச் செய்தனர். வெளிச்சம் போதாமையால், ஒரு பக்கம் திறந்த பனிவீட்டைக் கட்டி உட்புறத்தைப் படம்பிடித்தனர். இசுமாவும் அதையே செய்கிறதா?

அன்று என்பதே நம் விடை. ஃபிளாஹெர்ட்டியின் படம் தொலைவிலிருந்த பார்வையாளருக்காக எடுக்கப்பட்டது. இசுமாவின் படத்தை முதலில் பார்த்துத் தீர்ப்புக் கூறுவோர் அவ்வூர் முதியோர். அவர்கள் தம் இளமையில் அவ்வாழ்க்கையை வாழ்ந்தவர்கள். கல்லை எப்படி அடுக்குவது என்பது அவர்தம் கைக்குத் தெரியும். படத்துக்காகக் கட்டும் பனிவீட்டில் மெய்யாகவே ஒருவர் குளிரின்றி உறங்க முடியும். அதனைக் கட்டுகையில் பக்கத்தில் நின்ற இளைஞன், கட்டும் வகையைக் கற்றுக்கொள்கிறான். ஆகவே கடந்த காலம் அங்கே காட்டப்படுவதோடு நின்றுவிடாமல், மற்றொருவர் கைக்கு மாறிச் செல்கிறது.

கடந்ததை அவர்கள் மாற்றாமல் அப்படியே வைப்பவர்களும் அல்லர். 2001ஆம் ஆண்டு வெளிவந்த 'அத்தனார்ஜுவாட்' அவர்களது முதல் முழுநீளத் திரைப்படம். இனுக்டிட்டுட் மொழியிலேயே எழுதி, நடித்து, இயக்கிய முதல் முழுநீளப் படமும் அதுவே. கான் திரைப்பட விழாவில், முதற்படத்துக்குரிய 'காமிரா தோர்' பரிசு அதற்குக் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாக வழங்கிய கதை அது. திரைக்கதை எழுதும் முன், முதியோர் பலரிடம் அக்கதையைச் சொல்லக் கேட்டுப் பதிவு செய்தார் அப்பாக். படம் முற்றுப்பெறுமுன், 1998ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். பழங்கதையில் நாயகன் பகைவரைக் கொன்று பழி தீர்க்கிறான். படத்திலோ கொலைச்சங்கிலி அறுக்கப்படுகிறது. தீங்கு செய்தவர்கள் ஊரைவிட்டு விலக்கப்படுகின்றனர். பழையதைக் கூறுவதன் நோக்கம் இன்றிருப்போர் கூடி வாழ்தல் என்று அக்குழுவினர் கருதினர் போலும்.

இனி, மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நம்மைப் பெரிதும் தைத்த படத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு, வெனிஸ் நகரத்துப் பெருங்கலைக் கண்காட்சியில் கனடா நாட்டுக் கூடம் இசுமாவுக்கு வழங்கப்பட்டது. இனுயிட் கலைஞர்கள் அக்கூடத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. அங்கே காட்டப்பட்ட படம் 'நோவா பியுகாட்டுக்கின் வாழ்வில் ஒரு நாள்'. நோவா பியுகாட்டுக் 1900ஆம் ஆண்டு பிறந்த ஒரு மெய்யான மனிதர். கப்புயிவிக் முகாமின் தலைவர். கதை 1961ஆம் ஆண்டில் நிகழ்கிறது. வேட்டைக்குப் புறப்பட்ட நோவாவை, உறைந்த கடலின்மேல் ஓர் அரசு அலுவலர் வந்து சந்திக்கிறார். முகாமைக் கலைத்துவிட்டு ஊருக்கு வந்து குடியேற வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. அலுவலருக்கு இனுக்டிட்டுட் தெரியாது. நோவாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்.

படத்தின் பெரும்பகுதி இந்த ஒரே உரையாடல்தான். பனிவெளியில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். அலுவலர் ஒன்று சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கியோ மாற்றியோ நோவாவிடம் சொல்கிறார். நோவா விடை கூறுகிறார். அதுவும் மாறிப் போய்ச் சேர்கிறது. அடியில் ஓடும் எழுத்துகளால் இரு பக்கத்துச் சொல்லும் நமக்குத் தெரிவதால், இடையில் உதிர்ந்து போவது எது என்பதை நாம் மட்டுமே காண்கிறோம். அலுவலர் பொறுமை இழக்கிறார். நோவாவோ அவசரப்படவில்லை, இங்கிருந்து போக வேண்டிய காரணம் அவருக்குப் புலப்படவில்லை.

அவ்விருவரும் இரு வேறு காலங்களில் அமர்ந்திருக்கின்றனர் என்று நமக்குத் தோன்றியது. அலுவலரின் காலம் நேராகச் செல்வது: பள்ளி, படிப்பு, வேலை, கூலி என ஒன்றன்பின் ஒன்றாக வருவது. நிலம் அதில் ஓர் இடம் மட்டுமே; ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். நோவாவின் காலமோ நிலத்தோடு பிணைந்தது. கடல்நாய் குட்டி ஈனும் மாதத்தில் ஓரிடம். மான் கன்று ஈனும் மாதத்தில் வேறோரிடம். அவரை ஊரில் நிறுத்திவிட்டால், போவது இடம் மட்டுமன்று. அந்த ஆண்டு முழுவதும் போய்விடுகிறது. இதனை எடுத்துரைக்கும் சொல் மொழிபெயர்ப்பாளரிடம் இல்லை. அவர் தீயவர் அல்லர். தம் வேலையைச் செய்கிறார், அவ்வளவே.

அவரைப் பார்த்தபோது நம் மேசையும் நம் கண்முன் வந்தது. நில எடுப்பு அறிவிப்புகள் எத்தனையோ நம் கையால் தமிழாகியிருக்கின்றன. 'பொது நோக்கம்' என்று எழுதினோம். 'மறுகுடியமர்வு' என்று எழுதினோம். சொற்கள் பிழையற்றவை, அகராதிக்கும் சட்டத்துக்கும் பொருந்தியவை. புல எண், பரப்பு, இழப்பீடு ஆகியவற்றுக்கு அவ்வறிவிப்பில் இடம் உண்டு. அந்நிலத்தில் எந்த மாதம் எது விளைந்தது, எந்த விழாவுக்கு யார் வந்தார், எந்த மரத்தடியில் யாரை அடக்கம் செய்தனர் என்பவற்றுக்கு இடம் இல்லை. அவ்விடத்தை ஏற்படுத்துவது மொழிபெயர்ப்பாளரின் அதிகாரத்தில் இல்லை என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டதும் உண்டு. பனிமேல் அமர்ந்திருந்த அம்மனிதரும் அவ்வாறே தேற்றிக்கொண்டிருப்பார்.

இக்கதை 1961ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது. 2010ஆம் ஆண்டு, குனுக்கும் இயன் மவுரோ என்ற ஆய்வாளரும் சேர்ந்து, பருவநிலை மாற்றத்தைப் பற்றி இனுயிட் முதியோர் கூறுவனவற்றைப் படமாக்கினர். வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த முதியோர் ஒரே செய்தியைக் கூறினர்: கதிரவன் பழைய இடத்தில் மறைவதில்லை, விண்மீன்கள் இடம் மாறியுள்ளன, பூமியே சாய்ந்துவிட்டது போலும் என்றனர். பூமியின் அச்சு அவ்வாறு சாயவில்லை என்று அறிவியலார் மறுத்தனர். ஆயினும் முதியோர் கண்டது பொய்யன்று. வெப்ப நிலை மாறிய காற்றடுக்குகளின் ஊடே ஒளி வளைந்து வருவதால், அடிவானத்துக் கதிரவன் இடம் மாறித் தோன்றக்கூடும் என்று விளக்கம் தரப்பட்டது. ஒரே மலை முகட்டை அளவுகோலாகக் கொண்டு ஆண்டுதோறும் கதிரவனைப் பார்த்து வந்தவர்களுக்கே இம்மாற்றம் புலப்படும்.

பாஃபின் தீவின் வடக்கே மேரி ஆற்றுப் பகுதியில் ஓர் இரும்புச் சுரங்கம் உள்ளது. 2015ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து கப்பல்களில் தாது செல்கிறது. ஆண்டுக்கு 60 லட்சம் டன் என்ற அளவை 120 லட்சம் டன்னாக உயர்த்தவும், 110 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை அமைக்கவும் நிறுவனம் திட்டமிட்டது. இருப்புப்பாதை மான்களின் வழியைக் குறுக்கிடும், கப்பல்கள் கடல்வாழ் உயிர்களை விரட்டும் என வேட்டைக்காரர்கள் அஞ்சினர். வெனிஸ் கண்காட்சி நடந்த 2019ஆம் ஆண்டிலேயே, உறைகடலின் விளிம்பிலிருந்து மக்களின் பேச்சை இசுமா இணையம் வழியே நேரடியாக ஒளிபரப்பியது. சுரங்க விரிவாக்கம் பற்றிய பொது விசாரணைகளையும் அவ்வாறே மக்களுக்குக் கொண்டு சேர்த்தது. 2022ஆம் ஆண்டு மே மாதம், நூனவுட்டின் மதிப்பாய்வு வாரியம் விரிவாக்கம் வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. நவம்பரில் கனடா அரசும் அதனை மறுத்தது. படம் எடுத்ததனால்தான் இது நிகழ்ந்தது என்று கூறுவது மிகையாகும். ஆயினும், 1961ஆம் ஆண்டு ஒருவர் தனியே பனிமேல் அமர்ந்து சொன்ன மறுப்பு அவர் மொழியில் எவர் காதிலும் விழவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவர் மக்களின் மறுப்பு அவர்தம் மொழியிலேயே பலர் கேட்கப் பேசப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

குனுக்கின் பணி தொடர்கிறது. 2025ஆம் ஆண்டு வெளிவந்த அவரது படத்தின் கதை கி.மு. 2000ஆம் ஆண்டளவில் நிகழ்கிறது. அதாவது இக்லூலிக் மேட்டின் உச்சியில் முதற்குடிகள் குடிலமைத்த காலத்துக்கே அவர் காமிராவோடு ஏறிச் சென்றிருக்கிறார். இசுமாவின் படங்களில் பலவற்றை, 2008ஆம் ஆண்டு அவர்கள் தொடங்கிய இசுமா டிவி என்ற இணையத்தளத்தில் ஆங்கில எழுத்துகளோடு காணலாம். பார்க்க விரும்பும் அன்பர்கள் 'சப்பூட்டி'யிலிருந்து தொடங்கலாம். ஒரு மாலைப்பொழுதைத் தனியே ஒதுக்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்ப்பது நலம்.

நாமும் நம் மேசைக்குத் திரும்புகிறோம். நாளையும் ஏதேனும் ஓர் அறிவிப்பு வரும்; 'மறுகுடியமர்வு' என்ற சொல்லை மீண்டும் எழுத நேரும். சொல்லை மாற்றும் உரிமை நமக்கு இல்லை. அச்சொல்லை எழுதுமுன், அங்கே வாழ்வோர்க்கு இது எந்த மாதம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதற்கு எவருடைய ஆணையும் வேண்டியதில்லை.